இலைக்கஞ்சி முதல் இன்சுலின் வரை: எமது குசினிகளின் நூறாண்டுகள்

எமது கல்லூரி அன்னை நூறாவது அகவையை நிறைவு செய்யும் இவ்வேளையில், மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி பழைய மாணவியர் சங்கத்தினர் எம்மைக் கேட்டனர். மூலிகைகளும் ஆரோக்கியமான உணவுப் பழக்கங்களும் என்பது அவர்கள் தந்த தலைப்பு. எமது வகுப்பிலிருந்து மருத்துவம் படித்தவர் மூவர். ஒருத்தி யாழ்ப்பாணத்திலும் மற்றொருத்தி கொழும்பிலும் மூன்றாமவள் கடல் கடந்தும் பணியாற்றுகிறோம். எழுதும் கை ஒன்றாயினும் இதில் உள்ளவை மூவரும் தொலைபேசியில் பேசிப் பேசிச் சேர்த்தவை. ஆகவே "நாங்கள்" என்றே எழுதுகிறோம்.

தலைப்பைப் பார்த்ததும் வல்லாரையின் குணம், முருங்கையின் சத்து என்று பட்டியல் போட்டுவிடலாம் என்றே முதலில் நினைத்தோம். அப்படியான பட்டியல்கள் இப்போது எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் நிறைந்து கிடக்கின்றன. அவற்றில் ஒன்றினால்தான் இக்கட்டுரை வேறு வழியில் போக நேர்ந்தது. அதை முடிவில் சொல்கிறோம். அதற்கு முன்னர், எமது பெண்கள் என்ன சமைத்தார்கள், ஏன் அப்படிச் சமைத்தார்கள், அந்தச் சமையல் எவ்வாறு மாறியது என்ற வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

ஏட்டில் எழுதியதும் எழுதாததும்

யாழ்ப்பாணத்து மருத்துவ மரபு பழைமையானது. ஆரியச் சக்கரவர்த்திகள் மாறி மாறிச் சூடிய சிம்மாசனப் பெயர்களான செகராசசேகரன், பரராசசேகரன் என்பவற்றையே தாங்கிய இரு பெரும் வைத்திய நூல்கள் எமக்கு உண்டு. ஏடுகளாகப் பரியாரிமார் வீடுகளில் சிதறிக் கிடந்த இவற்றைத் தேடி எடுத்து, கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சேற்றிய பெருமை ஏழாலை ஐ. பொன்னையா அவர்களைச் சாரும். எமது கல்லூரி தன் முதல் வகுப்புகளை நடத்திக்கொண்டிருந்த காலமும் ஏறக்குறைய அதுவே.

ஆங்கில வைத்தியத்தின் வரவும் இங்கு வித்தியாசமாகவே அமைந்தது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். விடுமுறையில் தாயகம் சென்று 1862 இல் திரும்பி வந்தபின் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். உடலமைப்பு, சத்திர சிகிச்சை, மகப்பேறு, இரசாயனம் ஆகிய துறைகளின் நூல்களைத் தமிழாக்கினார். 1867 இல் வெளிவந்த "இரண வைத்தியம்" அவற்றுள் ஒன்று. 1873 இல் அவர் நாடு திரும்பியபோது அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்றிருந்தனர். மருத்துவ பீடத்தில் முதலாம் ஆண்டில் ஆங்கிலச் சொற்களோடு மல்லுக்கட்டிய நாட்களில் இந்த வரலாற்றை அறிந்து நாங்கள் வியந்ததுண்டு.

அரச நூல்களும் மிஷன் நூல்களும் வைத்தியர் எழுதியவை. வைத்தியரும் அக்காலத்தில் பெரும்பாலும் ஆண்கள். தினமும் மூன்று வேளை உலை வைத்தவர்களோ எதையும் எழுதவில்லை. எந்த இலையை எந்த மாதத்தில் ஆய்வது, எதை எதோடு சேர்ப்பது, எந்தக் கறியை மூடாமல் அவிப்பது என்பனவெல்லாம் தாயிடமிருந்து மகளுக்குக் கைப்பழக்கமாக வந்தவை. எமது விடுதிக் குசினியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சமைத்த ஆச்சியிடம், "ஏன் ஆச்சி இப்பிடிச் செய்யிறீங்கள்?" என்று கேட்டால், "அப்பிடித்தான் பிள்ளை செய்யிறது" என்பதே விடையாக இருக்கும். காரணங்களை நாங்கள் மருத்துவ பீடத்தில்தான் படித்தோம்.

ஆச்சியின் நான்கு வழக்கங்கள்

முதலாவது, வறைக்குத் தேசிக்காய்ப்புளி விடும் வழக்கம். முருங்கையிலை, முசுட்டை, பொன்னாங்காணி, சண்டி எதுவானாலும், ஆச்சி சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே தேசிக்காயைப் பிழிவார். அடுப்பில் இருக்கும்போது ஒருநாள் எம்மில் ஒருத்தி பிழியப்போய் அகப்பைக் காம்பால் வாங்கிக்கொண்டாள். கசந்து போகும் என்று ஆச்சி சொன்னார். அதற்குள் இன்னொரு விடயமும் இருக்கிறது. இலைகளில் உள்ள இரும்புச்சத்து இறைச்சி, மீனில் உள்ளதைப்போல இலகுவில் குடலால் உறிஞ்சப்படுவதில்லை. விற்றமின் சீ உடன் இருந்தால் உறிஞ்சப்படும் அளவு கூடுகிறது. அந்த விற்றமின் சூட்டில் அழிந்துவிடக் கூடியது. ஆகவே இறக்கிய பின் விடும் புளியே பயன் தருகிறது. மாதந்தோறும் குருதியை இழக்கும் வளரிளம் பெண்கள் நூறு பேருக்குச் சமைத்த ஒருவரின் கையில் இந்தப் பழக்கம் இருந்தது என்பதை இப்போது நினைக்க நெஞ்சு நெகிழ்கிறது.

இரண்டாவது, அதே வறையில் தேங்காய்ப்பூ. பச்சை இலைகளிலுள்ள, உடலில் விற்றமின் ஏ ஆக மாறும் பொருள் கொழுப்பு இல்லாமல் சரியாக உறிஞ்சப்படாது. ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ அந்த வேலையைச் செய்கிறது.

மூன்றாவது, புழுங்கல் அரிசியும் வடித்த கஞ்சியும். நெல்லை அவித்துக் காயவைத்துக் குற்றும்போது தவிட்டிலுள்ள விற்றமின் பீ1 அரிசியின் உட்பகுதிக்கு நகர்கிறது. தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. கிழக்காசியாவில் ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியை உண்ட மக்கள் பெரிபெரி நோயால் நடை தளர்ந்து, இதயம் வீங்கி மாண்ட காலம் ஒன்று இருந்தது. ஜாவாவில் பணியாற்றிய ஒல்லாந்து மருத்துவர் கிறிஸ்ரியான் எய்க்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் அதேபோன்று கால் விளங்காமற் போவதையும், தவிடு கொடுத்தால் தேறுவதையும் கண்டார். 1929 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மொட்டைக்கறுப்பன் நெல்லை அவித்துக் குற்றிய எமது பாட்டிமார் விற்றமின் என்ற சொல்லைக் கேட்டிராவிட்டாலும் அதைச் சிந்தாமற் காத்தனர். வடித்த கஞ்சியில் உப்பும் தேங்காய்ப்பாலும் விட்டுக் குடித்ததும் அவ்வாறானதே. நீரில் கரையும் சத்துகள் வாய்க்காலுக்குப் போகவில்லை.

நான்காவது, மரவள்ளிக் கிழங்கை மூடாமல் அவிப்பது. மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். அதில் சயனைட்டை வெளியிடும் பொருள் உண்டு. தோலை நன்றாகச் சீவி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பானையில் அவித்து, அந்த நீரை ஊற்றிவிட்டால் நஞ்சின் பெரும்பகுதி நீங்கிவிடும். ஒடியல் மாவை ஊறவைத்துத் தண்ணீரை வடித்த பின்னரே கூழுக்குக் கரைப்பதும் கசப்பைப் போக்கும் இத்தகைய முன்னெச்சரிக்கையே. இயற்கையில் விளைந்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றது என்று எமது முன்னோர் நம்பவில்லை என்பதற்கு இவ்விரண்டும் சாட்சி.

எது எமது பழைய உணவு?

பாரம்பரிய உணவு என்று பேசும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். மிளகாய் இல்லாத யாழ்ப்பாணத்துக் கறியை இன்று நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஆனால் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்குரியது. போர்த்துக்கேயர் வழியாக இப்பக்கம் வந்தது. அதற்குமுன் உறைப்புக்கு மிளகே இருந்தது. பிள்ளை பெற்ற தாய்க்கு வைக்கும் சரக்குக் கறியில் செத்தல் மிளகாயைச் சேர்க்காமல் மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி என்று அரைப்பது அந்தப் பழைய சமையலின் எச்சமாக இருக்கக்கூடும் என்பது எமது எண்ணம். பப்பாசி, கொய்யா, தக்காளி, உருளைக்கிழங்கு யாவும் கடல் கடந்து வந்தவையே. பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயச் சொல்.

ஆகவே எமது உணவு எக்காலத்திலும் மாறாமல் நின்ற ஒன்றன்று. வந்ததை ஏற்று, தன் முறைக்கு வளைத்துக்கொண்டது. அந்த வளைக்கும் அறிவே எமது பெண்களின் சொத்து.

பழையவை யாவும் நல்லவை என்றும் சொல்வதற்கில்லை. சாமத்தியப்பட்ட பெண்ணுக்கு உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தது நல்லது. பச்சை முட்டையைக் குடிக்க வைத்ததை மருத்துவராக நாங்கள் ஆதரிக்க மாட்டோம். பிள்ளைப்பெற்ற தாய்க்குத் தண்ணீரையே குறைத்த வீடுகளும் இருந்தன. பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீர் கூடுதலாகத்தான் வேண்டும். வீட்டு ஆண்கள் உண்டபின் பெண் பிள்ளைகளுக்கு அடிச்சட்டி மிஞ்சிய வழக்கம் எந்த மூலிகையாலும் ஈடுசெய்ய முடியாத குறை. எமது கல்லூரி விடுதியில் எல்லோரும் ஒரே பந்தியில் ஒரே அளவு உண்டோம். வகுப்பறையில் கற்ற எதற்கும் குறையாத பாடம் அது.

கூப்பன் காலம்

எமது மூத்த பழைய மாணவியர் இன்றும் சொல்லும் காலம் இரண்டாம் உலகப் போர்க் காலம். பர்மா அரிசி வராது நின்றது. 1942 இல் இலங்கையில் அரிசிப் பங்கீடு தொடங்கியது. கூப்பனைக் கொண்டுபோய்ச் சங்கக்கடையில் வரிசையில் நின்று அரிசி வாங்கிய அனுபவத்தை அவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். விடுதியில் இரவுச் சோறு நின்று குரக்கன் பிட்டும் ஒடியற் பிட்டும் வந்தன. கோதுமை மா வீடுகளுக்குள் வேரூன்றத் தொடங்கிய காலமும் அதுதான். அதுவரை நோயாளிக்கும் பிரயாணத்துக்கும் வாங்கிய பாண் மெல்ல மெல்லக் காலை உணவானது. காலைக் கஞ்சி மெல்ல மெல்லப் பின்வாங்கியது.

பெண்களுக்குச் சுகாதாரக் கல்வி வேண்டும் என்று நாட்டில் முதலில் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர், கனடாவில் பிறந்து தமிழர் ஒருவரை மணந்து இங்கேயே வாழ்ந்த மருத்துவர் மேரி இரத்தினம். 1930 களின் தொடக்கத்தில் கிராமப் பெண்களுக்காக லங்கா மகிளா சமித்தியை நிறுவியவர் அவர். 1958 இல் மக்சேசே விருது பெற்றார். மனையியல் வகுப்பில் சமநிலை உணவு என்று நாங்கள் படம் கீறியபோது, அப்பாடம் எங்கள் மேசைக்கு வரக் காரணமான இத்தகைய பெண்களைப் பற்றி அறிந்திருக்கவில்லை. 1945 இல் வந்த இலவசக் கல்வியும், 1973 இல் தொடங்கிய திரிபோஷ சத்துமா விநியோகமும் இந்த வரலாற்றின் அடுத்த படிகள்.

வேலி மதிலான கதை

எமது சிறுவயதில் வீட்டு வளவுகளுக்கு வேலியே எல்லை. கிளுவை, பூவரசு, முருங்கைக் கதியால்களும் அவற்றின்மேல் படரும் முசுட்டையும் குறிஞ்சாவும் தூதுவளையும் பிரண்டையும் சேர்ந்ததே அந்த வேலி. கிணற்றடி வாய்க்காலில் வல்லாரையும் பொன்னாங்காணியும் தாமாகவே தழைத்தன. தவசிமுருங்கை கோடியில் நின்றது. ஒரு சதம் செலவில்லை. காலையில் சுளகோடு வேலியோரம் நடந்தால் இலைக்கஞ்சிக்கு வேண்டியது சேர்ந்துவிடும்.

பின்னர் வேலி மதிலானது. கதியால் போட, வரிந்து கட்ட ஆளில்லை. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினார்கள். மதில் மதிப்பாகவும் பட்டது. கிணற்றடிக்குச் சீமெந்து போட்டோம். மாணவியர் கீரை உண்பது குறைந்துவிட்டது என்று இன்று கவலைப்படுகிறோம். ருசி மாறியது ஒரு காரணம். கீரை வளர்ந்த இடத்தையே நாம் இல்லாமற் செய்துவிட்டோம் என்பது அதனிலும் பெரிய காரணம்.

தடைக்காலமும் எங்கள் தோழியும்

எங்கள் வகுப்பினர் 1990 களில் கற்றவர்கள். பொருளாதாரத் தடைக்காலம் அது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் அரிது. சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தவர்கள் நாங்கள். சீனி கிடைக்காதபோது உள்ளங்கையில் பனங்கட்டித் துண்டை வைத்து நக்கிக்கொண்டே தேத்தண்ணீர் குடித்தோம். விடுதியில் காலையில் இலைக்கஞ்சி, மத்தியானம் சோறும் ஒரு வறையும் பருப்பும், இரவு பிட்டு. பள்ளிக்குச் சைக்கிளிலும் நடந்தும் வந்தோம். இன்று பணம் கொடுத்து வாங்கும் உணவு முறையையும் உடற்பயிற்சியையும் அன்று வேறு வழியில்லாமல் பெற்றோம். ஆனால் அக்காலத்தைப் பொற்காலம் என்று எழுத எமக்கு மனம் வரவில்லை. காரணம் எங்கள் தோழி ஒருத்தி.

அவளுக்குப் பதினோராம் வயதில் நீரிழிவு வந்தது. பிள்ளைகளுக்கு வரும் முதலாம் வகை நீரிழிவு. இவ்வகையில் சதையத்திலுள்ள இன்சுலின் சுரக்கும் கலங்கள் அழிந்துவிடுகின்றன. உண்ட உணவு குருதியில் சீனியாக நிறைந்திருந்தும் உடற்கலங்கள் பட்டினி கிடக்கும். 1922 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் முதன்முறையாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றப்படும்வரை, இந்நோய் கண்ட பிள்ளைகள் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்தனர். எமது கல்லூரிக்கும் இன்சுலினுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

குளிர்சாதனப் பெட்டி இயங்காத அந்நாட்களில் அவளது இன்சுலின் குப்பி, விடுதியின் நோயாளர் அறை மூலையில், ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் இருந்தது. பானைக்குத் தண்ணீர் தெளிப்பது எங்கள் முறை வேலை. கிழமைக்கு ஒருத்தி. ஆச்சி அவளுக்கென்று குரக்கன் பிட்டும் குறிஞ்சாச் சுண்டலும் பாகற்காயும் வேறாகச் செய்வார். அவள் எங்களைவிட நன்றாக ஓடுவாள்.

1995 ஐப்பசி முப்பதாம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. மழையில், நாவற்குழிப் பாதையில், அடி வைக்க இடமில்லாத கூட்டத்தில் நாங்களும் நடந்தோம். அவளது தாயார் அந்தச் சிறு பானையைத் துணியில் கட்டி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் ஒதுங்கினோம். சில கிழமைகளில் குப்பி முடிந்தது. அடுத்த குப்பி கிடைக்கவில்லை.

தெரிந்தவர்கள் குறிஞ்சா இலை தேடிக் கொண்டுவந்து அரைத்துக் கொடுத்தார்கள். அயலூர்ப் பரியாரியார் ஒருவரை அழைத்து வந்தோம். வயதான மனிதர். நாடி பார்த்தார், அவளது மூச்சைக் கவனித்தார். "இது என்ரை மருந்துக்கு அடங்காது பிள்ளையள். ஊசி மருந்தைத் தேடுங்கோ" என்றார். கொடுத்த காசையும் வாங்கவில்லை. வாந்தியும் நீண்ட பெருமூச்சுமாக இருந்த அவள் எட்டாம் நாள் காலை இறந்துபோனாள். அவளுக்கு வயது பதினாறு. தாயாரின் விருப்பப்படி அவளது பெயரை இங்கு எழுதவில்லை. எங்கள் வகுப்பினர் அறிவர்.

நாங்கள் மூவரும் மருத்துவம் படிக்கப் போனதற்கு அந்த மண்டபமே காரணம். அந்தப் பரியாரியாரும் காரணம். தன் மருந்தின் எல்லையை அறிந்து சொன்ன அவர் எமக்குக் கிடைத்த முதல் மருத்துவ ஆசிரியர் என்றே கருதுகிறோம்.

இலையும் மருந்தும்

மூலிகைகளை நாங்கள் குறைத்து மதிப்பிடுபவர்கள் அல்லர். எமது வளவுகளில் தானாக முளைக்கும் பட்டிப்பூவைப் பாருங்கள். நித்தியகல்யாணி என்றும் அதைச் சொல்வர். சில நாடுகளில் நீரிழிவுக்கு அதன் இலையை அவித்துக் குடித்து வந்தனர். 1950 களில் கனடாவில் ஆராய்ந்தவர்கள் அது சீனியைக் குறைக்கக் காணவில்லை. ஆனால் வெண்குருதிக் கலங்களை அது குறைப்பதைக் கண்டனர். அந்த வழியே வந்த மருந்துகள் இன்று குருதிப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளைக் காப்பாற்றுகின்றன. மருந்து இலையில் இருந்தது உண்மை. எந்த நோய்க்கு, எவ்வளவு, யாருக்கு ஆகாது என்பதைக் கண்டறிய ஆய்வு வேண்டியிருந்தது. அளவு தெரியாமல் அந்தச் செடியை அவித்துக் குடித்தால் அது நஞ்சு.

சிறுகுறிஞ்சா இலையை மென்றபின் சீனியை வாயில் போட்டால் மண்போல இருக்கும். நாவின் இனிப்புணர்வை அது சிறிது நேரம் மறைக்கிறது. அதனால் இனிப்பில் ஆசை குறையலாம். வளர்ந்தவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவில் ஓரளவு உதவுமா என்று ஆய்வுகளும் நடந்துள்ளன. சுரக்காத இன்சுலினுக்கு அது ஒருபோதும் ஈடாகாது.

சீனி வியாதிக்கு நல்லது என்று வெறும் வயிற்றில் காமரங்காய்ச் சாறும் பிலிம்பிச் சாறும் குடித்துச் சிறுநீரகம் பழுதடைந்து வந்தவர்களை இலங்கை மருத்துவர்கள் கண்டு எழுதியிருக்கின்றனர். அவற்றிலுள்ள ஒக்சலேற்று சிறுநீரகத்தில் படிகிறது. கறியில் இரண்டு துண்டு போடுவது உணவு. குவளை நிறையப் பிழிந்து குடிப்பது மருந்தின் அளவு. மருந்தின் அளவில் எடுக்கும் எதற்கும் மருந்துக்குரிய எச்சரிக்கை வேண்டும்.

நாங்கள் எழுதாமல் விட்ட பதில்

இனி, தொடக்கத்தில் சொன்ன விடயத்துக்கு வருகிறோம். எங்கள் வகுப்பினருக்கு வட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் பழைய படங்களுக்கும் இடையே ஒருநாள் ஒரு செய்தி வந்தது. இன்சுலினை விட்டுவிடுங்கள், இந்த இலையை நாற்பது நாட்கள் குடியுங்கள், நீரிழிவு வேரோடு போய்விடும் என்றது. நாங்கள் மூவரும் அதைப் பார்த்தோம். அனுப்பியவள் மனம் நோகும் என்று நினைத்தோ, இதை யார் நம்பப்போகிறார்கள் என்று எண்ணியோ, ஒருவரும் பதில் எழுதவில்லை. பலர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள்.

இரண்டு கிழமை கழித்து நள்ளிரவில் எங்களில் ஒருத்திக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. குழுவிலுள்ள தோழி. அவளது பன்னிரண்டு வயது மகளுக்கு முதலாம் வகை நீரிழிவு இருந்தது எங்களுக்குத் தெரியாது. யாருக்கும் சொல்லவில்லை, பெண்பிள்ளை, நாளைக்கு ஊர் கதைக்கும் என்ற பயம். "இலைப் பவுடர் எடுப்பிச்சு வச்சிருக்கிறன். ஒரு கிழமை ஊசியை நிப்பாட்டிப் பாக்கட்டோடி?" என்று கேட்டாள்.

நல்ல வேளை, கேட்டாள். அன்றிரவு அவளுக்கு எங்கள் பழைய தோழியின் கதையை முழுவதும் சொல்ல வேண்டியிருந்தது. அவள் வேறு திசையில் இடம்பெயர்ந்தவள். மரணச் செய்தி அறிவாள், எப்படி என்று அறியாள். நெடுநேரம் அழுதாள். ஊசி நிற்கவில்லை. மகள் நலமாக இருக்கிறாள்.

நூல்களிலும் வகுப்பறைகளிலும் நாம் பெற்ற கல்விக்கு இந்த இடத்தில்தான் வேலை. வறைக்குத் தேசிக்காய் எப்போது விடுவது என்று அறிந்த ஆச்சியின் கைப்பழக்கமும், தன்னால் முடியாது என்று சொன்ன பரியாரியாரின் நேர்மையும், மண்பானையில் காத்த அந்தக் குப்பியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்கும்போதுதான் உயிர் போகிறது.

உலகெங்கும் வாழும் தோழியருக்கு

எங்கிருந்தாலும் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். முருங்கையிலையும் முசுட்டையும் கிடைக்காத நாட்டில் அங்கு விளையும் பச்சை இலையை வறையாக்குங்கள். சிறிது தேங்காய்ப்பூ சேர்த்து, இறக்கியபின் தேசிக்காய் விடுங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிப்பதை விட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தேயிலை இரும்புச்சத்தைத் தடுக்கும். கோப்பையில் சோற்றின் பங்கைக் குறைத்துக் கறிகளின் பங்கைக் கூட்டுங்கள். நாள் முழுவதும் வயலில் நின்ற பாட்டனாரின் சோற்றளவு, கதிரையில் இருந்து வேலை செய்யும் எமக்கு வேண்டியதில்லை. கிழமையில் சில நாட்களாவது தவிட்டரிசியும் குரக்கனும் பயறும் சமையுங்கள். மல்லித் தண்ணீரும் இரசமும் தடிமனுக்கு இதம் தரும். மூச்சுத் திணறலுக்கும் நெஞ்சு நோவுக்கும் வைத்தியசாலைக்குப் போங்கள். சித்த வைத்தியம் நாடுவோர், பயின்று பதிவு பெற்றவரை நாடுங்கள். எந்த மூலிகையை எடுத்தாலும் உங்கள் மருத்துவருக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த மருந்தை, முக்கியமாக இன்சுலினை, ஒரு வேளைதானும் தானாக நிறுத்தாதீர்கள். ஐயம் இருந்தால் கேளுங்கள். எங்கள் மூவரில் எவரையும் எந்த நேரத்திலும் கேட்கலாம். இனி நாங்கள் பதில் எழுதாமல் இருக்க மாட்டோம்.

இந்த நூற்றாண்டு நினைவாகச் சங்கத்திடம் எமது வகுப்பினர் சார்பில் ஒரு வேண்டுகோளும் வைக்கிறோம். விடுதிக்குப் பின்னால் மதில் எழுப்பாமல் மிஞ்சியிருக்கும் சிறு துண்டு நிலத்தில் ஓர் உயிர்வேலி போடுவோம். முருங்கையும் கிளுவையும் கதியாலாகட்டும். முசுட்டையும் தூதுவளையும் படரட்டும். அடியில் வல்லாரை நிற்கட்டும். ஒவ்வொன்றின் பெயரையும் மாணவியரே எழுதி வைக்கட்டும். அதன் இலை விடுதிக் குசினிக்குப் போகட்டும். நோயாளர் அறைக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியை எமது வகுப்பினர் ஏற்கெனவே வாங்கிக் கொடுத்துவிட்டோம். இரண்டும் ஒரே வளவில் இருக்க வேண்டும் என்பதே எமது விருப்பம்.

எமது கல்லூரி அன்னை பல்லாண்டு வாழ்க.